ஒளியிழை மாட்யூலும் கனெக்டரும்: வடத்திலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுப்பது எப்படி

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் காலியாக இருக்கும் போர்ட்டைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாட்யூலை வாங்குவதுதான் பெரும்பாலோரின் வழக்கம். ஆனால் தொடங்க வேண்டிய இடம் போர்ட் அன்று. சுவருக்குள்ளும் மண்ணுக்கடியிலும் ஏற்கெனவே கிடக்கிற ஒளியிழை வடம்தான். மாட்யூல் என்று நாம் சொல்லும் அந்த விரல் நீள உலோகப் பெட்டி, ஸ்விட்சிலிருந்து வரும் மின் துடிப்புகளை ஒளியாக்கி ஓர் இழையில் அனுப்புகிறது. மற்றோர் இழையில் வரும் ஒளியை மின் துடிப்புகளாக்கி ஸ்விட்சிடம் கொடுக்கிறது. அந்த ஒளி எந்த அலைநீளத்தில், எவ்வளவு வலிமையோடு புறப்பட வேண்டும் என்பதை முடிவு செய்வது இழையின் வகையும் நீளமும் ஆகும். ஸ்விட்சை ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம், மாட்யூலை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பள்ளம் தோண்டிப் புதைத்த வடத்தை அப்படி மாற்ற முடியாது.

நான் பராமரித்துவந்த ஒரு கல்லூரி வளாகத்தில், முதன்மைக் கட்டடத்திலிருந்து நூலகத்துக்கு ஆரஞ்சு நிற உறை கொண்ட வடம் ஒன்று ஏறக்குறைய 180 மீட்டர் தூரம் போயிற்று. ஒரு கிகாபிட் வேகத்தில் அது பல ஆண்டுகள் எந்தக் குறையுமின்றி ஓடியது. இரு முனைகளிலும் 10 கிகாபிட் ஸ்விட்சுகள் வந்தபோது, மல்டிமோடு வடத்துக்கு, அதாவது ஒளி பல வழிகளில் ஓடும் அகலமான இழை கொண்ட வடத்துக்கு, குறுகிய தூர எஸ்.ஆர். மாட்யூல்தானே என்று இரண்டை வாங்கிச் செருகினேன். விளக்கு எரிந்தது, இணைப்பும் எழுந்தது. ஆனால் சில நிமிடங்களுக்கொரு முறை விழுந்தது, பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. இரு முனைகளிலும் வந்துசேர்ந்த ஒளியின் அளவோ மிகச் சரியாக இருந்தது. மாட்யூல்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் உறையின்மேல் அச்சிட்டிருந்ததைப் படித்தபோது 62.5/125 என்ற எண் கண்ணில் பட்டது. செய்ய வேண்டிய முதல் வேலையை நான் கடைசியில் செய்திருந்தேன்.

அந்த எண்ணின் பொருள் இதுதான்: இழையின் நடுவே ஒளி ஓடும் கோரின் விட்டம் 62.5 மைக்ரான், அதைச் சுற்றியுள்ள கண்ணாடிப் போர்வையோடு சேர்த்து 125 மைக்ரான். இவ்வளவு அகலமான கோருக்குள் ஒளி ஒரே வழியில் போவதில்லை. ஒரு பகுதி நேராகப் போகிறது. மற்றப் பகுதிகள் கோரின் எல்லையை நோக்கிச் சென்று வளைந்து திரும்பித் திரும்பிப் போகின்றன. ஒன்றாகப் புறப்பட்ட துடிப்பு, மறுமுனைக்கு வரும்போது முன்பின்னாகப் பரந்து அடுத்த துடிப்பின்மேல் கலந்துவிடுகிறது. வேகம் பத்து மடங்கானால் துடிப்புகளுக்கிடையிலான இடைவெளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே கலப்பும் அவ்வளவு சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. ஒரு கிகாபிட் எஸ்.எக்ஸ். மாட்யூலுக்கு 275 மீட்டர் வரை இடம்கொடுத்த அதே வடம், 10 கிகாபிட் எஸ்.ஆர். மாட்யூலுக்கு 33 மீட்டர்தான் கொடுக்கும். ஒளி குறைந்ததால் வந்த கோளாறு அன்று, ஒளி கலங்கியதால் வந்த கோளாறு. ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் இது ஒருநாளும் பிடிபடாது.

எனவே முதல் வேலை, வடத்தைப் படிப்பது. கட்டடத்துக்குள் ஓடும் வடங்களுக்கு உறையின் நிறமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். மஞ்சள் என்றால் ஒளி ஒரே வழியில் ஓடும் சிங்கிள்மோடு. அதன் கோர் ஏறக்குறைய 9 மைக்ரான். ஆரஞ்சு என்றால் பழைய மல்டிமோடு. மல்டிமோடு வடங்களின் தரத்தை ஓ.எம். என்ற எண்ணால் குறிப்பார்கள்; ஆரஞ்சு வடம் 62.5 மைக்ரான் கொண்ட ஓ.எம்.1 ஆகவும் இருக்கலாம், 50 மைக்ரான் கொண்ட ஓ.எம்.2 ஆகவும் இருக்கலாம். கடல்நீலம் என்றால் ஓ.எம்.3 அல்லது ஓ.எம்.4, ஊதா என்றால் ஓ.எம்.4, எலுமிச்சைப் பச்சை என்றால் ஓ.எம்.5. வெளியே புதைக்கும் வடங்களின் உறை பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும் என்பதால் அங்கே நிறம் உதவாது. அச்சிட்ட எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். எஸ்.ஆர். மாட்யூல் ஓ.எம்.2 வடத்தில் 82 மீட்டரும், ஓ.எம்.3 வடத்தில் 300 மீட்டரும், ஓ.எம்.4 வடத்தில் 400 மீட்டரும் போகும். இதே மல்டிமோடு வடங்களில் 40 கிகாபிட், 100 கிகாபிட் என்று வேகம் ஏற ஏறத் தூரம் 100 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

புதிதாகப் புதைக்கும் வடம் எதுவானாலும் அது சிங்கிள்மோடாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன் குறுகிய கோரில் ஒளிக்கு ஒரே வழிதான் உண்டு. ஆகையால் மல்டிமோடில் நேர்ந்த கலப்பு அதில் நேர்வதில்லை. இன்று ஒரு கிகாபிட் ஓட்டுகிற அதே மஞ்சள் இழையில் நாளை 100 கிகாபிட்டும் 400 கிகாபிட்டும் ஓட்டலாம். மாற வேண்டியது முனைகளில் உள்ள மாட்யூல் மட்டுமே. நூலகத்துக்கும் இறுதியில் 12 கோர் கொண்ட, அதாவது உள்ளே 12 இழைகள் கொண்ட, சிங்கிள்மோடு வடத்தையே இழுத்தோம். இரண்டு கோர் போதுமான இடத்தில் 12 எதற்கு என்ற கேள்வி வந்தது. பள்ளம் தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் கூடுதல் கோரின் விலை மிகச் சிறியது என்பதே அதற்கு விடை.

கனெக்டர்: வடிவமும் மெருகும்

கனெக்டரின் உயிர் அதன் நடுவே நீண்டிருக்கும் வெள்ளைப் பீங்கான் முனையில் இருக்கிறது. ஃபெர்ரூல் என்று அதற்குப் பெயர். இழை அதன் நடுத் துளையில் ஒட்டப்பட்டு, முனை மழமழவென்று மெருகேற்றப்பட்டிருக்கும். எல்.சி. கனெக்டரில் ஃபெர்ரூலின் விட்டம் 1.25 மில்லிமீட்டர்; எஸ்.சி., எஸ்.டி., எஃப்.சி. ஆகிய மூன்றிலும் 2.5 மில்லிமீட்டர். எஸ்.சி. சதுரமாக இருக்கும், நேராகத் தள்ளினால் மாட்டிக்கொள்ளும். எஸ்.டி. வட்டமாக இருக்கும், தள்ளித் திருகிப் பூட்ட வேண்டும். எஃப்.சி. மரை வைத்து முறுக்குவது. இன்றைய ஸ்விட்ச் மாட்யூல்களில் பெரும்பாலானவை இரட்டை எல்.சி. கனெக்டரையே கேட்கின்றன. சுவரில் இருக்கும் பழைய பெட்டியில் எஸ்.சி. இருந்தால், ஒரு முனையில் எஸ்.சி.யும் மறுமுனையில் எல்.சி.யும் கொண்ட பேட்ச் கார்டை, அதாவது குட்டை இணைப்பு வடத்தை, வாங்கினால் போதும்; பெட்டியைக் கழற்றத் தேவையில்லை. 40 கிகாபிட்டிலும் 100 கிகாபிட்டிலும் வரும் எஸ்.ஆர்.4 மாட்யூல்களுக்கு எம்.பி.ஓ. என்னும் தட்டையான கனெக்டர் வேண்டும். அதில் 12 இழைகளுக்கு இடமிருந்தாலும் போவதற்கு நான்கும் வருவதற்கு நான்குமாக எட்டு மட்டுமே வேலை செய்யும்.

வடிவம் பொருந்தினால் போதாது, மெருகும் பொருந்த வேண்டும். சிங்கிள்மோடு கனெக்டர்களில் நீல நிறம் யு.பி.சி.யைக் குறிக்கும், அதன் முனை மிக இலேசாகக் குவிந்து நேராக இருக்கும். பச்சை நிறம் ஏ.பி.சி.யைக் குறிக்கும்; அதன் முனை 8 டிகிரி சாய்வாக மெருகேற்றப்பட்டிருக்கும். இழையின் முனையில் பட்டுத் திரும்பும் ஒளி, சாய்வின் காரணமாகக் கோரைவிட்டு விலகிப் போர்வைக்குள் போய் மறைந்துவிடுகிறது. நல்ல யு.பி.சி. முனையில் திரும்பி வரும் ஒளி சுமார் லட்சத்தில் ஒரு பங்கு என்றால், ஏ.பி.சி.யில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒளியிழை வழியே தொலைக்காட்சி அலைவரிசைகளை அனுப்பும்போது இந்த எதிரொளி படத்தைக் கெடுக்கும் என்பதால், வீடுகளுக்கு வரும் இணைப்புகளில் பச்சை எஸ்.சி. கனெக்டர் நிலைத்துவிட்டது.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். வீட்டு இணைப்புகளில் பழகிய கை, ஸ்விட்ச் அறைக்கு வரும்போதும் பச்சைக் கார்டையே எடுக்கிறது. இரண்டு கனெக்டர்களை எதிரெதிராகச் சேர்க்கும் நீல அடாப்டருக்குள் பச்சைக் கனெக்டர் தடையின்றி நுழையும், ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளவும் செய்யும். ஆனால் சாய்ந்த முனையும் நேர் முனையும் சந்திக்கும் இடத்தில் கோர்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே காற்று நின்றுவிடும். பல டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) ஒளி அங்கேயே போய்விடும். அழுத்திச் செருகினால் சாய்வின் விளிம்பு எதிர் முனையைக் கீறவும் கூடும். நீலத்துக்கு நீலம், பச்சைக்குப் பச்சை என்ற விதியை எந்த அவசரத்திலும் தளர்த்தக் கூடாது. வழக்கமான எல்.சி. மாட்யூல்கள் அனைத்தும் யு.பி.சி. முனையையே எதிர்பார்க்கின்றன. சிங்கிள்மோடு எம்.பி.ஓ. கனெக்டர்கள் மட்டும் சாய்வு மெருகோடு வருவது வழக்கம்.

மாட்யூலின் பெயரைப் படிப்பது

எஸ்.எஃப்.பி. என்றால் ஒரு கிகாபிட், எஸ்.எஃப்.பி. பிளஸ் என்றால் 10, எஸ்.எஃப்.பி.28 என்றால் 25. மூன்றுக்கும் உருவம் ஒன்றே என்பதால்தான் குழப்பம் நேர்கிறது. 10 கிகாபிட் போர்ட்டில் ஒரு கிகாபிட் மாட்யூல் பெரும்பாலும் வேலை செய்யும். ஒரு கிகாபிட் போர்ட்டில் 10 கிகாபிட் மாட்யூல் வேலை செய்யாது. சற்று அகலமான க்யூ.எஸ்.எஃப்.பி. வகையில் நான்கு தடங்கள் உள்ளன: பிளஸ் என்பது 40 கிகாபிட், 28 என்பது 100 கிகாபிட்.

வேகத்துக்கு அடுத்து வரும் எழுத்து தூரத்தைச் சொல்லும். 10 கிகாபிட்டில் எஸ்.ஆர். 850 நானோமீட்டரில் மல்டிமோடுக்கு, எல்.ஆர். 1310 நானோமீட்டரில் 10 கிலோமீட்டருக்கு, இ.ஆர். 1550 நானோமீட்டரில் 40 கிலோமீட்டருக்கு, இசெட்.ஆர். அதே அலைநீளத்தில் 80 கிலோமீட்டருக்கு. இரு முனைகளிலும் ஒரே வகை இருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் வேறாக இருப்பதால் தீங்கில்லை. அலைநீளமும் வேகமும் வேறாக இருந்தால்தான் பேச்சு நடக்காது. விதிவிலக்கு பைடை எனப்படும் ஒற்றை இழை மாட்யூல். ஒரே இழையில் போகவும் வரவும் இரண்டு அலைநீளங்களைப் பயன்படுத்துவதால் அவை எதிரெதிராக அமைய வேண்டும்: ஒரு முனை 1270இல் அனுப்பி 1330இல் வாங்கினால், மறுமுனை 1330இல் அனுப்பி 1270இல் வாங்க வேண்டும். ஒரே எண் கொண்ட இரண்டை வாங்கிவிட்டு, இணைப்பு ஏன் எழவில்லை என்று தேடுவோர் உண்டு. கோர் தட்டுப்பாடு உள்ள பழைய வடத்தில் இந்த மாட்யூல் பெரிய உதவி.

வாங்குமுன் உறுதி செய்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் தயாரிப்பாளர் பெயரும் வகையும் எழுதப்பட்ட சிறு நினைவகம் இருக்கிறது. சில ஸ்விட்சுகள் அதைப் படித்துவிட்டுத் தம் பட்டியலில் இல்லாத மாட்யூலை ஏற்க மறுத்துவிடும். எந்த ஸ்விட்சுக்கு என்று விற்பவரிடம் மாடல் எண்ணோடு சொல்லி வாங்குங்கள். மொட்டை மாடியிலோ கம்பத்திலோ இருக்கும் பெட்டிக்கு வாங்குவதானால், 70 டிகிரி வரை தாங்கும் சாதாரண வகையை விட்டு, 85 டிகிரி வரை தாங்கும் தொழிற்சாலை வகையைக் கேளுங்கள். ஒரே ரேக்குக்குள், அதாவது கருவிகளைப் பொருத்தும் அலமாரிக்குள், இரண்டு ஸ்விட்சுகளை இணைக்க மாட்யூலே வேண்டாம். இரு முனைகளிலும் தலை பொருத்திய செம்புக் கேபிள் மலிவானது, சூடும் குறைவு.

ஒளிக் கணக்கு

ஒளியின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் சொல்கிறார்கள். 0 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட். இரண்டு அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு டெசிபெல்: 3 குறைந்தால் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூற்றில் ஒன்று. இந்த நான்கு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் மீட்டர் காட்டுவது எல்லாம் விளங்கிவிடும்.

2 கிலோமீட்டர் சிங்கிள்மோடு வடத்தில் 10 கிகாபிட் எல்.ஆர். போட வேண்டும் என்று கொள்வோம். தரநிலைப்படி எல்.ஆர். குறைந்தது -8.2 டிபிஎம் அனுப்பும். மறுமுனைக்கு குறைந்தது -14.4 டிபிஎம் வந்துசேர வேண்டும். ஆகவே வழியில் இழக்கத்தக்கது 6.2 டெசிபெல். இழைக்குக் கிலோமீட்டருக்கு 0.4 வீதம் 0.8, நான்கு கனெக்டர் இணைப்புகளுக்கு 0.5 வீதம் 2. இழைகளை நேரடியாக ஒட்டிச் சேர்த்த நான்கு ஸ்ப்ளைஸுக்கு 0.1 வீதம் 0.4. மொத்தம் 3.2 போக, கையிருப்பு 3 டெசிபெல். எனக்கு இது போதுமானது. இந்தக் கணக்கில் 2 கிலோமீட்டர் கண்ணாடி தின்றதைவிட நான்கு கனெக்டர்கள் தின்றது அதிகம் என்பதைக் கவனியுங்கள். தூரம் குறைவான வளாக இணைப்புகளில் ஒளியைக் காப்பது என்பது கனெக்டர்களைக் காப்பதுதான்.

ஒளி மிகுந்தாலும் கேடுதான். இ.ஆர். 4 டிபிஎம் வரை அனுப்பலாம். ஆனால் அதன் வாங்கும் பக்கம் -1 டிபிஎம் வரைதான் ஏற்கும். இசெட்.ஆர். வாங்கும் எல்லை -7 டிபிஎம். அதிக தூரத்துக்கானது வலிமையானது, ஆகவே நல்லது என்று எண்ணிக் குறுகிய வடத்தில் அதைப் போட்டால், வாங்கும் பகுதி திணறும், பழுதாகவும் கூடும். போட்டே ஆக வேண்டுமானால் நடுவே அட்டெனுவேட்டர் வைத்து ஒளியைக் குறைக்க வேண்டும். எல்.ஆர். மாட்யூல்கள் இரண்டை மேசைமேல் ஒரு மீட்டர் கார்டால் இணைத்துச் சோதிப்பதில் தீங்கில்லை.

துடைத்தல், செருகுதல்

ஒரு முறை, முந்தைய நாள் வரை நன்றாக ஓடிய இணைப்பில் வாங்கும் ஒளி -14 டிபிஎம்மைத் தொட்டது. பேட்ச் கார்டைக் கழற்றி 200 மடங்கு உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிற வட்டத்தின் நடுவே கரும்புள்ளியாகக் கோர் தெரிய வேண்டிய இடத்தில், எண்ணெய்ப் படலம் ஒன்று வானவில் நிறத்தோடு படர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் இரண்டு தூசித் துணுக்குகள். யாரோ கார்டை மாற்றும்போது முனையைக் கட்டைவிரலால் தொட்டிருக்கிறார்கள். கிளிக் வகைத் துடைப்பானை ஒரு முறை அழுத்தித் துடைத்தபின் மீண்டும் பார்த்தேன். படலம் போயிருந்தது, ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சுதிரியாத் துணியில் 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துளி தொட்டு ஒரே திசையில் இழுத்து, உடனே உலர்ந்த பகுதியில் இழுத்ததும் அதுவும் போயிற்று. மாட்யூலின் துளைக்குள்ளும் துடைப்பானை விட்டுத் துடைத்துச் செருகியதும் அளவு -5.3 டிபிஎம். மாட்யூலில் ஒரு குறையும் இல்லை.

தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நாம் காக்க வேண்டிய கோர் 9 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்றே அதை முழுவதும் மறைத்துவிடும். ஆகவே பார், துடை, மறுபடி பார், அதன்பின் செருகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். உறையிலிருந்து அப்போதுதான் பிரித்த புதுக் கார்டுக்கும் இது பொருந்தும். மூடி முனையைக் காக்கிறதே தவிரத் தூய்மையாக்குவதில்லை. வாயால் ஊதக் கூடாது, சட்டை நுனியால் துடைக்கக் கூடாது. அழுக்கு முனையை மாட்யூலில் செருகினால் அழுக்கு மாட்யூலுக்குள்ளும் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வரும் நல்ல கார்டையும் அது கெடுக்கும்.

உருப்பெருக்கியில் பார்க்குமுன் மறுமுனையில் ஒளி நிறுத்தப்பட்டிருப்பதைப் பவர் மீட்டரால் உறுதி செய்யுங்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று பொருளாகாது. இழையின் முனையையோ மாட்யூலின் துளையையோ நேராக உற்றுப் பார்க்கவே கூடாது. கைபேசிக் கேமராவில் தெரியவில்லை என்பதும் சான்றாகாது. 1310, 1550 நானோமீட்டர் ஒளியை அந்தக் கேமரா உணராது.

மாட்யூலை முழுதாகத் தள்ளிப் பூட்டும் ஓசை கேட்டபின் கார்டைச் செருகுங்கள். ஒரு முனையின் அனுப்பும் இழை மறுமுனையின் வாங்கும் துளைக்குப் போக வேண்டும்; விளக்கு எரியாவிட்டால் ஒரு முனையில் மட்டும் இரண்டு எல்.சி.களையும் இடம் மாற்றிப் பாருங்கள். சாதாரண சிங்கிள்மோடு இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காதீர்கள், பிளாஸ்டிக் கட்டுநாரால் இறுக்காதீர்கள். வெல்க்ரோ பட்டையே நல்லது.

எண்களைப் படித்தல்

பெரும்பாலான மாட்யூல்கள் தம் வெப்பநிலையையும் அனுப்பும் ஒளியையும் வாங்கும் ஒளியையும் ஸ்விட்சிடம் சொல்லும். கோளாறு என்றதும் நான் முதலில் கேட்பது இரு முனைகளின் இந்த எண்களைத்தான். வாங்கும் ஒளி -40 டிபிஎம் அல்லது அதற்குக் கீழே என்றால் ஒளியே வரவில்லை. இரு முனைகளிலும் அப்படியென்றால் இழைகள் மாறியிருக்கலாம் அல்லது வடம் அறுந்திருக்கலாம். ஒரு முனையில் மட்டும் என்றால் ஓர் இழை மட்டும் போயிருக்கிறது. ஒளி சரியாக இருந்தும் இணைப்பு எழவில்லையென்றால் ஒளியை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள்: வேகம், அதை இரு ஸ்விட்சுகளும் தாமே பேசி முடிவு செய்யும் தானியங்கி ஒப்பந்தம், 25 மற்றும் 100 கிகாபிட்டில் பிழைதிருத்த முறை ஆகியவை இரு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

பைடை இணைப்பில் ஒரு நுட்பம் உண்டு. வளைவில் நீண்ட அலைநீளமே அதிகம் கசியும். 1310இல் போகும் பக்கம் சரியாக இருந்து, 1490 அல்லது 1550இல் வரும் பக்கம் மட்டும் சில டெசிபெல் குறைந்திருந்தால், கனெக்டரில் அழுக்கு என்பதைவிட எங்கோ இழை மடங்கியிருக்கிறது என்று சந்தேகிப்பதே முறை.

இணைப்பை ஒப்படைக்கும் நாளிலேயே இரு முனைகளின் அனுப்பும், வாங்கும் அளவுகளைத் தேதியோடு ஒரு சிறு சீட்டில் எழுதி ரேக்கின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அன்று -5.3 இருந்தது இன்று -9 என்றால், இணைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. மாட்யூலைக் கழற்றுமுன் ரேக்கின் பின்கதவைத் திறந்து, அந்தக் கதவிலேயே கார்டு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.